அத்தையின் அளவு நோட்டு

குழு: தென்காசி வீட்டார்

சனிக்கிழமை

8:14 நான்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு கோர்ஸுக்குத் திங்கட்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள். ஃபுல் ஸ்டாக் (ஸ்கிரீன் பக்கம், சர்வர் பக்கம் இரண்டும்), டேட்டா சயின்ஸ், ஏஐ மூன்றும் சேர்த்து ஆறு மாதம், 75,000 ரூபாய். இன்னொரு பக்கம் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் சப்போர்ட் வேலை கிடைத்திருக்கிறது, மாதம் 16,000. எதில் போகட்டும்?

8:15 சின்ன அண்ணன்: ஏஐ. யோசிக்கவே வேண்டாம்.

8:15 அத்தை: பேங்க் பரீட்சை எழுதலாமே கண்ணு

8:16 சின்ன அண்ணன்: அத்தை 😂

8:17 பெரிய மாமா: மூன்றையும் ஆறு மாதத்திலா? எனக்கு பைக் ஓட்டப் பழகவே அவ்வளவு நாள் ஆயிற்று.

8:19 நான்: எந்த லாங்குவேஜ் படித்தால் நிலைக்கும் என்றாவது சொல்லுங்கள் மாமா.

8:24 பெரிய மாமா: 1999இல் மதுரையில் தங்கி விஷுவல் பேசிக் 6 படித்தேன் பாப்பா. ஆயுசுக்கும் சோறு போடும் என்றார்கள். 2002இல் மைக்ரோசாஃப்ட் டாட்நெட் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரில் மட்டும் விஷுவல் பேசிக் இருந்தது, பழைய புரோகிராமை அதில் போட்டால் அப்படியே ஓடாது.

8:27 பெரிய மாமா: அதே கோர்ஸில் கடைசி இரண்டு வாரம் வேண்டாவெறுப்பாக எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸிடம் கேட்டு விவரம் எடுக்கும் மொழி, நடத்தினார்கள். மில்லில் சம்பளக் கணக்கை இன்றைக்கும் அதில்தான் எடுக்கிறேன். ஐபிஎம்மில் இருந்த காட் என்பவர் 1970இல் எழுதிய கட்டுரைதான் அதற்கு அஸ்திவாரம். எனக்கே இரண்டு வயது மூத்தது!

8:31 சென்னை அக்கா: என் கதையும் இதுதான். 2015இல் ஆங்குலர்ஜேஎஸ், அதாவது வெப்சைட் ஸ்கிரீன் செய்யக் கூகுள் கொடுத்த டூல், படித்துவிட்டு வேலைக்குப் போனேன். மறு வருடமே ஆங்குலர் 2 வந்தது, உள்ளே எல்லாம் வேறு. 2021 கடைசியோடு பழையதற்குக் கூகுள் ஆதரவையே நிறுத்திவிட்டது. இப்போது ரியாக்ட் என்ற அதே மாதிரி இன்னொரு டூலில் இருக்கிறேன். மாறுவதற்கு மூன்று வாரம்தான் பிடித்தது, ஏனென்றால் அடியில் இருப்பது அதே ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசர் சர்வரிடம் கேட்டு வாங்கும் விதமும் அதேதான்.

8:32 சென்னை அக்கா: லாங்குவேஜை விடு. கடைசி வருட புராஜெக்ட் என்ன செய்தாய்?

8:33 நான்: அத்தை தையல் கடையின் அளவு நோட்டை ஆப் ஆக்கினேன் அக்கா.

8:35 அத்தை: நன்றாகத்தான் இருந்தது. எழுத்து மட்டும் பொடிப்பொடியாகத் தெரிகிறது, அதனால் நோட்டையே பார்த்துக்கொள்கிறேன்.

8:35 நான்: அத்தை!! நான்கு மாதமாகச் சொல்லவே இல்லையே

8:36 அத்தை: ராத்திரியெல்லாம் கண் முழித்துச் செய்தாய். எப்படிச் சொல்வது?

8:38 சென்னை அக்கா: சரி, மழுப்பாமல் சொல். அதில் எந்த வேலை எரிச்சலாக இருந்தது, எதில் நேரம் போனதே தெரியவில்லை?

8:41 நான்: ஸ்கிரீன் செய்வதுதான் எரிச்சல். ஒரு பட்டனை நேராக்கினால் பக்கத்துப் பட்டன் நகரும். ஒரே ராத்திரியில் வெறுத்துவிட்டது.

8:46 நான்: ஆனால் அத்தை நோட்டில் செல்வி என்று ஒன்பது பேர். பால்காரர் வீட்டுச் செல்வி, டீச்சர் செல்வி, இப்படி. தனியாக "டீச்சர்" என்று ஒரு பக்கம், பார்த்தால் அதுவும் டீச்சர் செல்விதான். முதலில் எல்லாவற்றையும் டேட்டாபேஸில் ஒரே டேபிளில் போட்டிருந்தேன். இந்த வருட இடுப்பளவை மாற்றினால் போன வருட ஆர்டரிலும் மாறிவிட்டது. அப்புறம் ஆள் தனி, அளவு தனி, ஆர்டர் தனி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வோர் அளவுக்கும் தேதி போட்டேன். முடித்தபோது மணி மூன்று. தூக்கமே வரவில்லை.

8:47 சென்னை அக்கா: எரிச்சலை இரண்டு வரியில் முடித்துவிட்டாய், செல்விக்கு மட்டும் இவ்வளவு பெரிய மெசேஜ். நான் பட்டன் நகர்த்துகிற ஆள், எனக்கு அது பிடிக்கும். உனக்கு ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கும் பேக் எண்ட், டேட்டாபேஸ் பக்கம்தான் கை போகிறது.

8:49 சின்ன அண்ணன்: அதையெல்லாம் ஏஐ இரண்டு நிமிடத்தில் எழுதிவிடும்.

8:51 சென்னை அக்கா: எழுதும். எங்கள் டீமில் தினமும் எழுதவைக்கிறோம். டீச்சரும் டீச்சர் செல்வியும் ஒரே ஆள் என்று அதற்கு யார் சொல்வது?

8:51 அத்தை: நான்தான் சொன்னேன்

8:52 சின்ன அண்ணன்: 🙏

8:58 சென்னை அக்கா: சப்போர்ட் வேலையை மட்டமாக நினைக்காதே. முதல் ஏழு மாதம் நானும் புதிதாக எதுவும் எழுதவில்லை. புரோகிராம் தானாகப் பதிந்துவைக்கும் லாக்கைப் படிப்பது, அடுத்தவர் எழுதிவைத்ததில் எங்கே உடைந்தது என்று தேடுவது, அவ்வளவுதான். இன்றைக்கும் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் சேருவதற்கு முன் கேள்: டேட்டாபேஸைப் பார்க்க விடுவார்களா? கோடில் எப்போது கைவைக்கலாம்? போன் எடுத்துப் புகாரை டிக்கெட்டாகப் பதிவது மட்டும்தான் வேலை என்றால் வேண்டாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அந்தப் பக்கமே போகாதே.

9:03 பெரிய மாமா: கோர்ஸுக்குப் பணம் கட்டாதே. அதில் பாதிக்கு லேப்டாப்பே வந்துவிடும். பைத்தான் லாங்குவேஜும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் இலவசம்தானே.

9:04 அத்தை: பேங்க் பரீட்சையும் ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்

திங்கட்கிழமை

5:40 நான்: கம்பெனியில் பேசினேன். டேட்டாபேஸைப் பார்க்கலாமாம், மாற்ற முடியாதாம். மூன்று மாதம் கழித்துச் சின்னச் சின்ன பக் திருத்தத் தருவார்களாம். சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் போதுமாம். சேரலாம் என்றிருக்கிறேன். கோர்ஸுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

5:41 பெரிய மாமா: 👍

5:44 சென்னை அக்கா: ஹாஸ்டல் கிடைக்கும்வரை என் வீட்டில் இரு.

5:52 அத்தை: கிளம்புவதற்கு முன் அந்த எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டுப் போ கண்ணு. ஆடி முடிந்தால் கல்யாண ஜாக்கெட் குவிந்துவிடும்.

5:53 நான்: அது ஃப்ரண்ட் எண்ட், ஸ்கிரீன் வேலை அத்தை 😭

5:55 அத்தை: எந்த எண்டோ. நாளைக்கு யார் யாருக்கு ஜாக்கெட் கொடுக்க வேண்டும் என்று திறந்ததும் மேலேயே காட்டுமா?

5:55 நான்: காட்டும்! டேட்டாபேஸிடம் ஒரே ஒரு கொயரி கேட்டால் போதும். இப்போதே உட்காருகிறேன்.

5:56 சென்னை அக்கா: எழுத்தையும் பெரிதாக்கு.