லைட் சுவிட்ச் சாய்ந்து நிற்கிறது, அழுத்தினால் ஆடுகிறது

செல்வி, சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா):
அண்ணாமாரே, ஒரு உதவி. எங்கள் ஆயா வீடு 1960களில் கட்டியது. காவடிக்கு முன்னால் பெயின்ட் அடிக்கும்போது படுக்கையறை சுவிட்சைக் கழற்றி மாட்டினார்கள். அன்றிலிருந்து சாய்ந்து நிற்கிறது, அழுத்தினால் உள்ளே போய் வருகிறது. இறுக்கினால் பிளேட்தான் வளைகிறது. சுவருக்குள் சுவிட்ச் உட்காரும் பாக்ஸ் பழைய தகர ஃபோர்-பை-டூ (நாலுக்கு இரண்டு அங்குலம்). ஆயா இருட்டில் தடவித்தான் போடுவார், எனக்குப் பயமாக இருக்கிறது.

குமரன், ஃபீனிக்ஸ்:
பாக்ஸின் காதில், அதாவது திருகு ஏறும் சின்னத் தகட்டில், மரை தேய்ந்திருக்கும். கொஞ்சம் நீளமான திருகு போட்டுப் பாருங்கள் அக்கா. லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் செய்தால் கரன்ட் தொல்லை இல்லை.

ராஜு மாமா, மெரிபேங்க்:
குமரா, அந்த யோசனை வேண்டாம். கரன்ட் சொல்லிக்கொண்டு வராது, அட்டவணை நேரத்துக்கு முன்பே வந்துவிடும். செல்விம்மா, டிபி போர்டில் (வீட்டு மெயின் சுவிட்ச் பலகையில்) மெயினை அணைக்கும் முன் டெஸ்டரைக் கரன்ட் உள்ள இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார். அணைத்த பிறகு சுவிட்ச் ஒயர்களில் வை. இங்கே பழைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு ஒயரும் சிவப்பாகவே இருக்கும். மெயினை அணைக்காவிட்டால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஒன்றில் 230 வோல்ட் நிற்கும்.

இனி பிளேட்டை மறந்துவிடு. உள்ளே சுவிட்சைத் தாங்கும் சட்டம்தான் முக்கியம். அதன் திருகுத் துளை நீளமாக இருப்பதே சாய்வை எடுக்கத்தான். இரண்டு திருகையும் பாதி இறுக்கிவிட்டு, சட்டத்தின் பக்கத்தில் சின்ன ரசமட்டத்தை நிமிர்த்தி வைத்து, மேலும் கீழும் மாற்றி மாற்றி இறுக்கு. கதவு நிலையைப் பார்த்துக் கண்ணளவில் வைக்காதே, பழைய வீட்டில் நிலையே சாய்ந்திருக்கும்.

உள்ளே போய் வருவதற்குக் காரணம் வேறு. பூச்சு மேல் பூச்சு ஏறி, பாக்ஸ் ஆழத்தில் போயிருக்கும். சட்டத்துக்குப் பின்னால் முட்டு இல்லை, அதனால் இறுக்க இறுக்க வளைகிறது. காதுக்கும் சட்டத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷர் அடுக்கி, அதற்கேற்ற நீளத் திருகு போடு. ஒயரைத் திணிக்காமல் மடித்து வை. விறைப்பான செம்புக் கம்பி சுவிட்சைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

செல்வி:
மாமா, மெயினை அணைத்துக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி ஆழமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழ்க் காது துருப்பிடித்து ஒடிந்திருக்கிறது. பிவிசி பாக்ஸ் வாங்கிப் பதிக்கலாமா?

ராஜு மாமா:
அவசரப்படாதே. கடல் காற்றுக்குப் பிவிசி நல்லதுதான். ஆனால் சுவருக்குள் வருவது இரும்புக் குழாயா என்று முதலில் பார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அந்தக் குழாயும் தகர பாக்ஸும்தான் எர்த், அதாவது கசியும் கரன்டைத் தரைக்குக் கொண்டுபோகும் வழி. நடுவில் பிவிசி வைத்தால் எர்த் அறுந்துபோகும், வெளியே எதுவும் தெரியாது. இரும்புக் குழாய் என்றால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. வேலை முடிந்ததும் சான்றிதழும் கேட்டு வாங்கு.

பதிக்கும்போது பக்கத்தில் நில். பழைய மணலைச் சுரண்டி, குழியை நன்றாக நனைத்து, சிமென்ட் ஒன்றுக்கு மணல் நான்கு கலந்து பதிக்க வேண்டும். பாக்ஸ் வாய் பூச்சுக்குச் சமமாக வரட்டும். கலவை ஈரமாக இருக்கும்போதே ரசமட்டம் வைக்கச் சொல். மறுநாள் வரை சுவிட்சை மாட்ட விடாதே. அதுவரை அந்த சர்க்யூட் அணைந்தே இருக்கட்டும், ஆயாவுக்கு ஒரு டார்ச் கொடுத்துவிடு.