எரிஉலைச் சாம்பலைச் சிமெண்டில் கட்டினால் ஈயம் அடங்கிவிடுமா?

காரைக்குடி மாணவர்:
வணக்கம். குப்பை எரிக்கும் உலையின் பறக்கும் சாம்பலில் ஈயமும் துத்தநாகமும் இருப்பதால், மூன்று பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு சிமெண்ட் சேர்த்துக் குழைத்து அச்சில் வார்த்தேன். மூன்றாம் நாளும் நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது; மேற்பரப்போ பணியாரம் போல் உப்பிக் குழிகளாக இருக்கிறது. எங்கே தவறினேன்? சரியாக இறுகினால் ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்க உதவுமா?

தேவகோட்டைப் பொறியாளர்:
இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். துத்தநாகம் சிமெண்ட் துகள்களின் மேல் படலமாகப் படிந்து நீரேற்றத்தை, அதாவது சிமெண்ட் நீருடன் வினைபுரிந்து இறுகுவதைத், தடுப்பதால் இறுகுவது தாமதமாகிறது. சாம்பலில் தங்கிய அலுமினியத் துணுக்குகள் சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடுவதால் கட்டி உப்புகிறது. அந்த ஹைட்ரஜன் முன்பே வெளியேறும்படி, காற்றோட்டமான இடத்தில், தீ அண்டாமல், சாம்பலை நீரில் ஊறவைத்து அலசிவிட்டு வார்த்துப் பாருங்கள். குளோரைடு உப்புகளும் பெருமளவு கரைந்துபோகும். ஆனால் அலசிய நீரில் உலோகம் இருக்கும் என்பதால், அதைக் கண்மாய்ப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள்.

வேதியியல் ஆசிரியை:
தம்பி, இறுகியதாலேயே ஈயம் அடங்கிவிட்டதென்று கொள்ள முடியாது. ஈயம் அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும் என்பதால், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12ஐத் தாண்டும் அளவுக்குச் சிமெண்டை அள்ளிக் கொட்டினால் அது மீண்டும் நீரில் இறங்கிவிடும். ஈயம் கரைந்து வெளிவருகிறதா என்று பார்க்கும் அமெரிக்க முறைச் சோதனையில், கட்டியை 9.5 மில்லிமீட்டருக்கும் சிறிதாக உடைத்து, அதைப்போல் 20 மடங்கு எடையுள்ள அசிட்டிக் அமிலக் கரைசலில் சுமார் 18 மணி நேரம் சுழற்றுவார்கள்; கரைசலில் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமை எட்டினால் அது அபாயக் கழிவு. ஆத்தங்குடிக் கல் நினைப்பை விட்டுவிடுங்கள். குழந்தை தவழும் தரையில் தேய்ந்து தூசாகும் பொருள் அது.

காரைக்குடி மாணவர்:
நன்றி அம்மா, நன்றி ஐயா. முதலில் அலசிவிட்டு, சிமெண்ட் அளவை மாற்றி மூன்று வார்ப்புகள் போடுகிறேன்.