வடக்காலத் தோட்டத்துச் சொந்தங்கள்

குமார்: அண்ணா, பெருந்துறைக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஜாதகம் பொருந்துகிறதாம். நம் கவின் என்ன வேலை என்று கேட்கிறார்கள். தரகர் கொடுத்த தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறதாம்.

பழனிச்சாமி: காலியாகத்தானே இருக்கும்.

ரேவதி: அண்ணா!!

நித்யா: பெரியப்பா, காலையிலேயே ஆரம்பிக்காதீங்க.

செல்வி: எஞ்சினியர் என்று போடுங்க. படித்தான்தானே.

கோகுல்: மூன்று அரியர் இன்னும் இருக்குங்க அத்தை.

குமார்: டிஜே என்று போடலாமா?

செல்வி: ரிசப்ஷனில் கலர் லைட் போட்டுக் குதிக்க விடுவார்களே, அதுவா? வேண்டவே வேண்டாம்.

பழனிச்சாமி: மைக்செட்காரர் என்று போடு. மாரியம்மன் நோம்பிக்கு நம் செலவாவது மிச்சம்.

நித்யா: சரி, ஒரே தடவை முழுசாக எழுதிவிடுகிறேன், படித்துவிட்டுப் பேசுங்க. கவின் செய்வது மூன்று வேலை. சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறான். அப்புறம் மற்றவர்கள் பாட்டை எடுத்து, எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும், குரலை எப்படிப் பதிய வேண்டும் என்று முடிவு செய்து, முழுப் பாட்டாக ஆக்கிக் கொடுக்கிறான். அவர்களுக்குப் பெயர்தான் மியூசிக் புரொட்யூசர், படத்துக்குப் பணம் போடுகிறவர் இல்லை. டிஜே மூன்றாவது. பெங்களூரில் வாரக் கடைசியில் வாசிக்கிறான், கையில் உடனே காசு வருவது அதில்தான். சும்மா பாட்டு மாற்றுவது இல்லை சித்தி. ஓடுகிற பாட்டின் வேகத்துக்கு அடுத்த பாட்டை இழுத்து நிறுத்தி, சுருதி ஒத்துப்போகிற இடமாகப் பார்த்து, ஆடுகிறவர் கால் நிற்காமல் கொண்டுபோக வேண்டும். எந்த இடத்தில் ஆள் எழுகிறார், எந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று அங்கே நின்று பார்த்த பிறகுதான் அவன் சொந்தப் பாட்டே தேறியது.

பழனிச்சாமி: மாசம் எவ்வளவு

நித்யா: மாசாமாசம் ஒரே மாதிரி வராதுங்க பெரியப்பா.

குமார்: நம் மஞ்சள் மாதிரி என்று சொல்லு.

ரேவதி: அண்ணா, மஞ்சளை விற்றாச்சா?

பழனிச்சாமி: இருக்குது. விலை ஏறும்.

குமார்: போன வருசமும் இதையேதான் சொன்னீங்க.

பழனிச்சாமி: உன் தேங்காயை நீ பாரு.

கோகுல்: 😂

நித்யா: பேச்சை மாற்றாதீங்க. ரகுமானுக்கு முதல் படம் 1992இல். அதற்கு முன்னால் பல வருசம் மற்றவர்களுக்குக் கீபோர்டு வாசித்தார், விளம்பரத்துக்கு இசை போட்டார். இளையராஜா 1976இல் படம் பண்ணுவதற்கு முன்னால் இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷுக்கு உதவியாளர். அமெரிக்காவில் குயின்சி ஜோன்ஸ் என்று ஒருவர். லயனல் ஹாம்ப்டன் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவர், பிற்பாடு மைக்கேல் ஜாக்சனுக்கே புரொட்யூசர். கவினும் நோம்பிக் கச்சேரியில் கீபோர்டு வாசித்து, கோயமுத்தூரில் ஜவுளிக்கடை ரேடியோ விளம்பரத்துக்கு இசை போட்டு வந்தவன்தான். திடீரென்று கிளம்பிப்போகவில்லை. அவன் சாமி மாதிரி நினைப்பது ஜே டில்லா என்பவரை. டெட்ராயிட்டுக்காரர். பழைய ஜாஸ், சோல் இசைத்தட்டுகளில் இருந்து துண்டு துண்டாக எடுத்துப் புதுப் பாட்டு ஆக்கியவர். பாவம், ரத்த நோயில் 32 வயதில் இறந்துவிட்டார். பிறந்தநாளன்று கடைசி ஆல்பம் வந்தது, மூன்றாவது நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செல்வி: அடக் கடவுளே, 32 வயசா

தங்கவேல்: ஆழ்ந்த இரங்கல். எப்போது எடுக்கிறார்கள்? நான் பவானியில் இருக்கிறேன், நேராக வந்துவிடுகிறேன்.

ரேவதி: யாருக்கு என்ன ஆச்சு???

கோகுல்: மாமா, அது அமெரிக்காவில். 2006இல்.

தங்கவேல்: நம் சொந்தம் இல்லையா

பழனிச்சாமி: பொண்ணு பார்க்கிற பேச்சுக்கு நடுவில் சாவுச் செய்தி எதற்கு அம்மிணி.

நித்யா: அவர் பாட்டுப் பண்ணிய மெஷினை வாஷிங்டனில் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் பெரியப்பா. அதைச் சொல்ல வந்தேன்.

செல்வி: ஜாஸ் ஜாஸ் என்கிறாயே, அது எப்படி இருக்கும்?

கவின்: அப்பாரு உடுக்கை மாதிரிங்க சித்தி

செல்வி: கண்ணு, நீ முழித்துத்தான் இருக்கிறாயா!

நித்யா: அவன் சொல்வது சரிதான். கம்ப்யூட்டரில் தாளத்தைப் போட்டால் அதுவே நேராக்கிவிடும். டில்லா வேண்டுமென்றே அடியைக் கொஞ்சம் முன்னே பின்னே வைப்பார். அண்ணன்மார் கதை பாடும்போது அப்பாரு அடி ஒன்றைப் பிந்தவிட்டு, அப்புறம் வந்து பிடிப்பாரே, கேட்கிறவர்களுக்கு மூச்சு நின்று வருமே.

ரேவதி: அண்ணன்மார் செத்து விழுகிற படுகளம் பாடும்போது. பொம்பளைகள் எல்லாம் அழுவார்கள்.

பழனிச்சாமி: ஊர் ஊராகப் பாடிக்கொண்டே போய்விட்டார். தோட்டத்தை ஆத்தாவும் நானும்தான் பார்த்தோம்.

ரேவதி: ...

குமார்: அண்ணா, அதை இப்போது விடுங்க.

பழனிச்சாமி: சொன்னேன். கீபோர்டுக்கு இரண்டு எருமை போனதையும் சொல்லவா?

சுப்பிரமணி: என் எருமை.

கோகுல்: மாமா ஆன்லைன் வந்துட்டாரு 🔥

குமார்: சரி சரி. நித்யா, பாட்டு ஓடினால் அவனுக்குக் காசு வருமா, இல்லை வாங்கியவன் கொண்டுபோய்விடுவானா? அவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும்.

நித்யா: 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் சித்தப்பா. எழுதிய உரிமையை விற்றாலும், எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. ஐபிஆர்எஸ் என்று ஒரு சங்கம் வசூல் பண்ணித் தரும். பாட்டை எழுதியதற்குத் தனிக் காசு, அந்த ஒலிப்பதிவு யாருடையதோ அவருக்குத் தனிக் காசு. கவின் சொந்தப் பாட்டில் இரண்டையும் தன் பேரிலேயே வைத்திருக்கிறான்.

பழனிச்சாமி: வருதா

கவின்: வருதுங்க பெரியப்பா. கம்மிதான்

செல்வி: கம்மி என்று அங்கே வந்து சொல்லாதே கண்ணு.

குமார்: "இசையமைப்பாளர், பெங்களூர்" என்று தரகருக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்கிறார்கள்.

நித்யா: டிஜே என்பதையும் போட்டிருக்கலாம் சித்தப்பா. பின்னால் தெரிந்தால் மறைத்தோம் என்பார்கள்.

செல்வி: கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

சுப்பிரமணி: கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

கவின்: சனி ராத்திரி ஒரு மணி வரைக்கும் வாசிக்கணும். பஸ் பிடித்து வந்து சேர 9 ஆகிவிடும். தூக்கம் இருக்காது

செல்வி: வேனை எட்டு மணிக்குச் சொல்லிவிட்டேனே!

ரேவதி: பையன் கண்ணெல்லாம் சிவந்து போய் நின்றால் என்ன நினைப்பார்கள்?

பழனிச்சாமி: ஞாயிறு ராகு காலம் நாலரைக்குத்தான். இரண்டு மணிக்குப் போகலாம். நான் பேசிக்கொள்கிறேன்.

குமார்: நீங்களா அண்ணா?

பழனிச்சாமி: ஏன், பேசக்கூடாதா?

தங்கவேல்: நானும் வரட்டுமா? சும்மாதான் இருக்கிறேன்.

செல்வி: வேனில் 12 பேர்தாங்க. ஏற்கெனவே 14 பேர் சொல்லியாச்சு. யாராவது இரண்டு பேர் பைக்கில் வாங்க.

கோகுல்: பழம் தாராக வாங்கணுமா, சீப்பாகவா?