மூக்கில் விடும் டெக்ஸ்மெடிடோமிடின்: லேபிளில் இல்லாத முறை குழந்தைக்குப் பாதுகாப்பானதா?

கேள்வி

வணக்கம். எங்கள் நான்கு வயது மகளுக்கு மூளை எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இரைச்சலில் அவளால் அசையாமல் படுத்திருக்க முடியாது என்பதால், டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தை மூக்கில் விட்டுத் தூங்க வைக்கலாம் என்று மயக்க மருத்துவர் சொன்னார். மருந்தின் தகவல் தாளைத் தேடிப் படித்தால், நரம்பு வழியாகச் செலுத்துவதற்கு மட்டுமே என்று இருக்கிறது. மூக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படிக் கொடுப்பது என் குழந்தையின் மீது சோதனை செய்து பார்ப்பதாகாதா?

மறுமொழி 1 (மயக்க மருத்துவர்)

பெற்றோராக நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான் இது. மருந்து நிறுவனம் எந்தப் பயன்பாட்டுக்குச் சான்றுகளைக் கொடுத்து அனுமதி பெற்றதோ அதை மட்டுமே லேபிள், அதாவது நீங்கள் படித்த தகவல் தாள், பேசும். மற்றவற்றில் அதன் மௌனத்தைத் தடை என்று கொள்ளக் கூடாது; சம்மதம் என்றும் கொள்ளக் கூடாது. 1999இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது, செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் பெரியவர்களுக்கு, அதுவும் 24 மணி நேரத்துக்குள் என்றுதான் இருந்தது. ஸ்கேன் போன்றவற்றுக்காகக் குழந்தைகளுக்கு நரம்பு வழியாகக் கொடுக்கும் அனுமதி 2022 இறுதியில்தான் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நாங்கள் குழந்தைகளுக்குப் பயன்படுத்தி வந்தோம். மூக்கில் விடும் முறை அந்த ஊசி மருந்தின் லேபிளில் இன்றும் இல்லை என்றாலும், அதைப் பற்றிய ஆய்வுகள் நிறையவே வெளிவந்துள்ளன.

மூளைத்தண்டில் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் லோகஸ் செருலியஸ் என்ற சிறு பகுதியை இம்மருந்து அடக்குவதால், வரும் உறக்கம் இயல்பான தூக்கத்தை ஒத்திருக்கிறது. மூச்சும் பெரும்பாலும் தடைபடுவதில்லை. குழந்தைகளுக்கு நாங்கள் இதை நாடுவது அதனால்தான். கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டால், 16 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 32 மைக்ரோகிராம், அதாவது மில்லிக்கு 100 மைக்ரோகிராம் உள்ள அடர் மருந்தில் 0.32 மில்லிதான். அதை இரண்டு நாசிகளுக்கும் பிரித்து விட்டுவிட்டு, ஏறக்குறைய அரை மணி நேரம் காத்திருப்போம். ஆனால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் குறையும்; இதய மின்கடத்தலில் கோளாறு உள்ள குழந்தைக்கும், டிகாக்ஸின் என்ற இதய மருந்தை எடுக்கும் குழந்தைக்கும் நான் இதைக் கொடுக்கத் தயங்குவேன்.

மறுமொழி 2 (தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்)

மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். மூச்சு தடைபடாது என்பதைக் கேட்டுவிட்டுக் கண்காணிப்பைத் தளர்த்திவிடக் கூடாது என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், நரம்பு வழியாகப் பத்து நிமிடத்தில் போக வேண்டிய இம்மருந்தின் தொடக்க அளவு பம்பில் தவறாகப் பதிவானதால் இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. முதலில் இரத்த அழுத்தம் எகிறியது, பின்பு 76ஆக இருந்த நாடித் துடிப்பு 38க்கு இறங்கியது. மருந்தை நிறுத்தி, நாடித் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் கொடுத்த பிறகு நோயாளி தேறினார். அன்று மானிட்டரின் அலாரம் ஒலிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். மிடாசோலம் என்ற இன்னொரு தூக்க மருந்தின் விளைவை முறிக்க ஃப்ளூமசெனில் என்ற முறிமருந்து உண்டு; இதற்கு மனிதர்களில் பயன்படுத்தும் முறிமருந்து கிடையாது. விலங்கு மருத்துவத்தில்தான் அடிபமெசோல் இருக்கிறது.

பெரியவர்களுக்குத் தீவிர சிகிச்சையில் 24 மணி நேரத்தைத் தாண்டியும் இதைப் பல இடங்களில் செலுத்துகிறார்கள். பல நாள் ஓடிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் பதற்றமும் இரத்த அழுத்த உயர்வும் வரலாம் என்பதால் படிப்படியாகக் குறைப்போம். 65 வயதுக்கு உட்பட்ட தீவிர நோயாளிகளில் இறப்பு கூடுதலாக இருக்கலாம் என்று 2022இல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரித்ததையும் மறக்கக் கூடாது. அது உங்கள் மகளைப் போன்று ஒரு முறை ஸ்கேனுக்காகத் தூங்கும் குழந்தைகளைப் பற்றியதல்ல. அதைப் படித்து அஞ்ச வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் நாங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மறுமொழி 3 (மயக்க மருத்துவர்)

ஸ்கேன் அறைக்குள் அவளுடைய நாடித் துடிப்பையும் ஆக்ஸிஜன் அளவையும் யார் பார்த்துக்கொண்டிருப்பார், வேறு வேலை இல்லாமல் அதை மட்டும் பார்ப்பாரா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். மூச்சு தடைபட்டால் உதவும் முகமூடியும் கருவிகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளனவா, மூக்கு வழி மருந்து போதாமல் போனால் அடுத்து என்ன செய்வார்கள், எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பவற்றையும் கேளுங்கள். சளி பிடித்திருந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. அதை மறைக்காமல் சொல்லுங்கள். அவள் எழுப்பியதும் விழித்துப் பேசும் வரை மருத்துவமனையிலேயே இருங்கள். திரும்பும் வழியில் காரில் மீண்டும் தூங்கிவிடக்கூடும், அப்போது தலை முன்னே கவிழ்ந்து தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுப் பாதை மடங்கிவிடும்; ஆகவே ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் பின்னிருக்கையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.