மறுமொழி: ஹாக்டிவிசம் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘இணைய ஊடுருவல் எதிர்ப்புச் செயற்பாடு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா.

அரசியல், சமூகக் கோரிக்கைக்காக இணையத்தளங்களுக்குள் புகுந்தோ அவற்றை முடக்கியோ போராடுவதைத்தான் ஆங்கிலத்தில் ஹாக்டிவிசம் என்கிறார்கள். நீங்கள் சொன்ன பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘ஊடுருவல்’ வேண்டாம். நாளிதழ் படிக்கிறவருக்கு அது எல்லை தாண்டி வரும் ஆயுதக்காரர். ‘எதிர்ப்பு’ இன்னும் சிக்கல். ஊழல் எதிர்ப்பு என்றால் ஊழலை எதிர்ப்பது. அந்தக் கணக்கில் ஊடுருவல் எதிர்ப்பு என்பது ஊடுருவலைத் தடுக்கிற வேலையாகிவிடும். கணினிக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் விற்கிறவர்தான் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்வார்.

பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழையும் ஹேக்கரைக் ‘கொந்தர்’ என்று ஏற்கெனவே சிலர் எழுதிவருகிறார்கள். கொந்துதல் என்றால் கொத்துதல். எங்கள் வீட்டுக் கொய்யாவைக் கிளி கொந்திவிட்டுப் போயிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் முழுப்பழம், திருப்பினால் ஓட்டை. ஹேக்கிங்குக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. சினம் மூளுதல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு, கொந்தளிப்பு இருக்கிறதல்லவா!

இனி ‘இசம்’. அதற்கு ‘இயம்’ ஒட்டத் தேவையில்லை. நம் ஊரில் போராட்டத்துக்குப் பெயர் வைப்பதே முறையை வைத்துத்தான்: உண்ணாவிரதப் போராட்டம், மறியல் போராட்டம், கடையடைப்புப் போராட்டம். அதே வரிசையில் ‘கொந்தல் போராட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்தது. அடுத்த மாதமே வெவ்வேறு நாட்டுப் பதின்வயதினர் சேர்ந்த ‘மில்வோர்ம்’ குழு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சர்வரில் நுழைந்து மின்னஞ்சல்களை அள்ளியது. முகப்புப் பக்கத்தில் அணுகுண்டின் காளான் புகையையும் ஒட்டிவைத்தது. அது கொந்தல், அதுவே போராட்டம்.

*

> அதே வரிசையில் ‘கொந்தல் போராட்டம்’

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் செல்லாது.

2001 ஜூன் 20 அன்று ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவன இணையத்தளத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அகதிகளை அந்த நிறுவன விமானங்களில் நாடு கடத்துவதை எதிர்த்து, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 13,000-க்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில், அது திணறும்படி, தளத்தைத் திறந்துகொண்டே இருந்தார்கள். பூட்டை உடைக்கவில்லை, எதையும் திருடவில்லை. வாசலில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அழைப்பு விடுத்தவரை 2005-இல் பிராங்பர்ட் கீழ் நீதிமன்றம் தண்டித்தது. இது வன்முறையும் இல்லை, மிரட்டலும் இல்லை என்று மறு ஆண்டே மேல் நீதிமன்றம் விடுவித்தது. இதில் கொந்தல் எங்கே?

மெக்சிகோவின் பழங்குடியினருக்கு ஆதரவாக 1998-இல் நடந்ததும் இதே வகைதான். ‘ஃபிளட்நெட்’ என்ற நிரல் மெக்சிகோ அதிபரின் இணையத்தளத்திடம் ‘மனித உரிமை’ என்ற பக்கத்தைக் கேட்கும். அப்படிப் பக்கமே கிடையாது. ‘மனித உரிமை இந்த சர்வரில் இல்லை’ என்று சர்வரே வாக்குமூலம் கொடுக்கும்! அந்நாட்டின் ஆக்தியால் என்ற ஊரில் கொல்லப்பட்ட பழங்குடியினரின் பெயர்களையும் இப்படிக் கேட்டுக் கேட்டு இல்லாத பக்கங்களைக் குறித்துவைக்கும் அரசு சர்வரின் பிழைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். படித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

இவற்றுக்கு ‘இணைய மறியல்’ என்பதே சரி. ஆங்கிலத்திலும் எல்லாவற்றையும் ஹாக்டிவிசம் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டுத்தான் சண்டை போடுகிறார்கள். 1996-இல் அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்ட ‘கல்ட் ஆஃப் த டெட் கவ்’ என்ற ஹேக்கர் குழுவிலேயே, தளத்தை முடக்குவது பிறர் பேச்சை அடைப்பது, அது ஹாக்டிவிசம் ஆகாது என்று வாதிட்டவர் உண்டு.

*

ஒப்புக்கொள்கிறேன். கொந்தல் போராட்டம், இணைய மறியல் இரண்டையும் தனித்தனியாகவே சொற்பட்டியலில் சேர்க்கிறேன். பாபா மையத்தில் நடந்ததுபோல் முகப்பை மாற்றி எழுதுவதற்குச் ‘சுவரெழுத்து’ என்று யாராவது சொல்வீர்கள் என எதிர்பார்த்தேன். சொல்லாததால் நானே சொல்கிறேன்.

இதையெல்லாம் செய்கிற ஆளை என்னவென்று அழைப்பது? ‘கொந்தல் போராளி’ என்றால் கையில் துப்பாக்கி வந்துவிடுகிறது. ‘போராட்டக்காரர்’ என்றால் கொடி பிடித்து வெயிலில் நிற்கிறார். இவரோ நள்ளிரவில் அறைக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள். யாராவது கைகொடுங்கள்.