பண்டுக் கரையை வெட்டி ஆற்றை உள்ளே விட்ட கதை

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். பெர்ணம் ஆற்றுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பண்டுதான், அதாவது மண்கரை. கடல் பெருக்கு ஏறினால் மதகுக் கதவு மூடிக்கொள்ளும், வற்றினால் கான் (வடிகால்) தண்ணீர் வெளியே போகும். உப்புத் தண்ணீர் ஏறினால் மரம் போச்சு, அதனால் பண்டில் நண்டு வளையைப் பார்த்தாலே எங்களுக்குப் பதறும்.

எங்களோடு ஒரு வங்காளதேசத்து பாய் வேலை செய்கிறார், ஜெசூர்காரர். மதகடியில் சேறு வாரும்போது கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தவர், "அண்ணே, இந்த மண்ணுக்காகத்தான் எங்க ஊர்ல பண்டையே வெட்டினாங்க" என்றார். நான் நம்பவே இல்லை.

அப்புறம் விவரமாகச் சொன்னார். 1960களில் அவர்கள் கடலோரப் பகுதி முழுக்கக் கரை கட்டினார்கள், முதலில் நல்ல விளைச்சல். ஆனால் அந்த நாடே கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து போட்ட வண்டல்தானே! வயலுக்குள் வர முடியாத வண்டல் ஆற்றுக்குள்ளேயே படிந்து படிந்து ஆறு மேடாகிவிட்டது, வயல் பள்ளத்தில் தங்கிவிட்டது, மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் வருடக்கணக்கில் தேங்கி நின்றது. பொறுக்க முடியாமல் 1990-இல் டாகாத்தியா, 1997-இல் பைனா என்ற பள்ளமான வயல்வெளிகளில் மக்களே கரையை வெட்டிவிட்டார்கள். பெருக்கில் கலங்கல் தண்ணீர் உள்ளே வந்து வண்டலைப் போடும், வற்றும்போது வேகமாக இறங்கி ஆற்றின் அடியை அறுத்துக்கொண்டு போகும். சில வருடத்தில் பைனாவில் வெட்டின இடத்தை ஒட்டி நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது, ஆறும் ஆழமாகிவிட்டது. பிறகு அரசாங்கமே இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அத்தனை வருடமும் அந்த வயலில் பயிர் கிடையாது. வெட்டின இடத்துக்குத் தூரத்தில் நிலம் இருந்தால் வண்டலும் கொஞ்சம்தான். பாய் குடும்பத்து நிலம் அப்படிக் கடைக்கோடியில். ஊரே பிழைக்கப் பட்டினி கிடந்தவர்களுக்கு அதன் பலனில் முதலில் பங்கு போயிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? எங்கள் தோட்டத்தின் உள்பக்கம் கரிமண், அதாவது முழுதும் மக்காத செடிகொடியால் ஆன சதுப்பு மண், கான் வெட்டித் தண்ணீரை வடிக்க வடிக்க அமுங்குகிறது. பழைய மரங்களின் வேர் வெளியே தெரிகிறது, சில மரம் சாய்ந்தே நிற்கிறது. கூட்டம் போட்டால் பண்டை உயர்த்துவதைப் பற்றித்தான் பேச்சு, நிலம் எவ்வளவு இறங்கியது என்று அளப்பாரில்லை. அதனால் பாயும் நானும் ஓர் இரும்புக் குழாயை அடிக்களி வரைக்கும் அடித்து இறக்கி, இப்போதைய மண்மட்டத்தில் சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டிருக்கிறோம். கரிமண் தோட்டத்தில் இருப்பவர்கள் நீங்களும் ஒன்று நட்டு வையுங்கள். குழாய் அசையாது, மண் இறங்கினால் கோட்டுக்குக் கீழே இடைவெளி தெரியும்.