வேகமும் கட்டுப்பாடும் சேர்ந்த மேசைப்பந்து பிளேடு: ஆலோசனை வேண்டும்

வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஐந்து அடுக்கு முழுமர பிளேடில் (மட்டையில் ரப்பர் ஒட்டப்படும் மரப்பகுதி) ஆடி வருகிறேன். மேசையருகே தடுத்தாடும்போது சொன்னபடி கேட்கும் அது, இரண்டடி பின்வாங்கி, பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின் அடித்தால் பந்துக்குப் போதிய வலுவைத் தருவதில்லை. நண்பரின் கார்பன் இழை சேர்ந்த பிளேடில், அந்த இழை வெளிமரத்தை ஒட்டியே இருந்ததால், வேகம் கிடைத்தது. ஆனால் வலையருகே குட்டையாக வைக்க நினைத்த பந்தெல்லாம் நீண்டு எதிராளியின் அடிக்கு வசதியாகப் போயிற்று. பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி. மீதியுள்ள அந்த மெல்லிய இழை எந்த அடுக்கில் இருக்கிறது என்பது ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. எனவே, நடுமரத்தை ஒட்டி இழை அமைந்த பிளேடுக்கு மாறலாமா, ஏழு அடுக்கு முழுமர பிளேடே போதுமா என்பதை, இரண்டிலும் ஆடியவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். ரப்பரை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை.